ஐப்பசித் தூண்டில்

ஐப்பசி பிறந்துவிட்டால் அயனம்பாக்கத்தில் இரண்டு வகை மனிதர்களைக் காணலாம். வானத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் ஒரு வகை. ஏரியைப் பார்த்து மகிழ்ச்சி அடைகிறவர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் தாழ்வான இடத்தில் வீடு கட்டிக் கொண்டவர்கள். பின்னவர்கள் வீட்டில் தூண்டில் வைத்திருப்பவர்கள். நாம் துரதிர்ஷ்டவசமாக இரண்டு வகையையும் சேர்ந்தவர்கள். ஆகையால் அடைமழை பிடித்துக் கொண்டதும் ஒரு கண்ணால் அழுதுகொண்டும் மற்றொரு கண்ணால் சிரித்துக்கொண்டும் ஏரிக்கரைக்குப் போவது நமது வழக்கம். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தில் மட்டும் இரண்டு கண்ணும் அழுதன என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே கிடக்கும் எங்கள் ஏரி பெரிய பெயர் பெற்ற ஏரி அல்ல. செம்பரம்பாக்கத்தைப் போலப் பத்திரிகைகளில் நீர்மட்டம் போடப்படும் பாக்கியம் அதற்குக் கிடைத்ததில்லை. ஆயினும் ஐப்பசி மாதத்துச் சாயங்கால வேளையில் அதன் கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரர்களைப் பார்த்தால், ஏதோ ஒரு தர்பார் நடக்கிறது என்றே தோன்றும். தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர், பள்ளிக்கூடப் பையன், ஓய்வு பெற்ற குமாஸ்தா, கொத்தனார் எல்லாருக்கும் அங்கே ஒரே அந்தஸ்துதான். கையில் மூங்கில் கழி, தங்கூஸ் நரம்பு, ஒரு தக்கை, ஓர் ஈயக்குண்டு, முள், டப்பாவில் மண்புழு. இவ்வளவுதான் சாமக்கிரியைகள். அகப்படுவது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. அது இந்த மண்ணுக்கு உரிய மீன் அல்ல. 1952-இல் இலங்கையிலிருந்து கொண்டு வந்து விடப்பட்டது. விருந்தாளியாக வந்து வீட்டுக்காரராகிவிட்டது. அதற்கு முன்பிருந்தே குடியிருக்கும் விராலும் கெளுத்தியும் எப்போதாவது தலை காட்டினால் அன்று கரை முழுதும் செய்தி பரவிவிடும்.

சைவ வாசகர்கள் இவ்விடத்தில் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய மன்னிப்பைக் கோருகிறோம். ஆனால் தூண்டில் போடுவது ஏதோ வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆங்கில நாட்டார் தங்கள் தூண்டில் வேதமாகக் கொண்டாடும் ஐசக் வால்ட்டனின் நூல் 1653-இல் வெளிவந்தது. அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே, 12-ஆம் நூற்றாண்டில், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்' என்ற வடமொழிப் பெருநூலில் மீன் பிடிக்கும் விநோதத்துக்கென்று ஒரு பகுதியையே ஒதுக்கினான். எந்த மீன் எந்த நீரில் வாழும், எதற்கு எந்த இரை என்றெல்லாம் ஓர் அரசன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்! பிறகு சென்னை ராஜதானியில் கலெக்டராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் துரை, நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-இல் ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார். நம் ஏரிகளின் அருமையைக் கடல் கடந்து வந்தவர் புத்தகமாக எழுதினார். நாமோ அவற்றைப் பட்டா போட்டுக்கொண்டிருந்தோம். இதைச் சொல்லும்போது நமது குரல் சற்றுத் தாழ்ந்துவிடுவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

அது கிடக்கட்டும். நாம் சொல்ல வந்தது சென்ற வருஷத்து ஐப்பசியைப் பற்றி.

நம் தமக்கையின் குமாரன் ஒருவன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். ஐப்பசியில் ஒருநாள் அவன் கைபேசியில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். குளிருக்கு அடக்கமாக உடுத்து, இடுப்பளவு அலையில் நின்றுகொண்டு, கிட்டத்தட்ட ஒரு கைக்குழந்தையின் பருமனுள்ள மீனை இரு கைகளிலும் ஏந்தியிருந்தான். வெள்ளி நிறமான உடம்பில், செவுளிலிருந்து வால் வரையில், ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள். 'வரிக் கொடுவா' என்று நாமே அதற்கு ஒரு பெயர் வைத்தோம். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, நாற்பது அங்குலம். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்."

"விட்டுவிட்டானா? எதற்காக?" என்றாள் நமது இல்லத்தரசி. அவளுடைய கேள்வியில் ஒரு குடும்பத்தின் நான்கு வேளைக் குழம்பு அடங்கியிருந்தது.

தொலைபேசியில் கேட்டோம். அவன் சொன்ன விவரம் இது. அந்த மீன் கடலில் வாழ்வது. ஆனால் வசந்த காலத்தில் ஹட்சன் முதலிய ஆறுகளிலும், செசபீக் வளைகுடாவில் வந்து விழும் ஆறுகளிலும் ஏறிச் சென்று நன்னீரில் முட்டையிடும். கோடையை வடக்கே குளிர்ந்த கடலில் கழித்துவிட்டு, இலையுதிர் காலம் வந்ததும் கரையோரமாகவே தெற்கு நோக்கிக் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். அப்போது சிறு மீன்களை அலைவாயில் மடக்கி அது வேட்டையாடும். அந்தச் சில வாரங்களுக்காகவே வருஷம் முழுதும் காத்திருந்து, கரையில் நின்றும் படகில் சென்றும் ஆயிரக்கணக்கானோர் தூண்டில் வீசுவார்கள். ஆனால் 2023-ஆம் வருஷம் முதல் அங்கே ஒரு விதி: கடலில் பிடித்தது 28 அங்குலத்துக்குக் குறைந்திருந்தாலும் விட்டுவிட வேண்டும், 31 அங்குலத்தைத் தாண்டியிருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

"சின்னதை விடச் சொல்வது நியாயம். பெரியதை ஏன் விடவேண்டும்?" என்று கேட்டோம்.

"பெரியதெல்லாம் பெண், மாமா. அடுத்த வருஷத்து மீன் அதன் வயிற்றில் இருக்கிறது" என்றான்.

அமெரிக்காவில் சட்டம் இருக்கலாம். நம்மிடம் கொடுவா இருக்கிறது என்று நாம் கம்பீரமாகப் பதில் சொன்னோம். அந்தக் கம்பீரத்துக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே சோதனை வந்தது.

கொடுவாயைப் பற்றி இரண்டு வார்த்தை. வங்காளத்தார் அதைப் பெட்கி என்பார்கள். ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்பார்கள். வரிக் கொடுவாயைப் போலவே இதுவும் கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான பிரஜை. ஆனால் அதன் நடத்தை தலைகீழ். அமெரிக்க மீன் முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. நம் கொடுவாயோ ஆற்றிலும் காயலிலும் வளர்ந்துவிட்டு, முட்டையிடுவதற்கு முகத்துவாரத்தை நோக்கி இறங்குகிறது. மழைக்காலத்தையும், பௌர்ணமி அமாவாசை நீரோட்டத்தையும் ஒட்டியே அது முட்டையிடும். குஞ்சுகள் ஏற்றநீரோடு உள்ளே வந்து, வழி இருந்தால் நன்னீர் வரையில் ஏறிப் பிழைத்துக்கொள்ளும். இன்னும் ஓர் அதிசயம் உண்டு. கொடுவா பிறந்து சில வருஷங்கள் வரையில் ஆண். அதன் பிறகு பெண்ணாக மாறிவிடுகிறது. இரண்டு கிலோ எடையுள்ளவற்றில் பெரும்பாலானவை தகப்பன்கள். நாலு கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை தாய்கள். இவ்விவரமெல்லாம் நமக்கு அப்போதே தெரியும் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் அறியாமையைச் சாக்காகச் சொல்லிவிடக் கூடாதல்லவா?

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் புறப்பட்டோம். கூட வந்தவர் எங்கள் தெருப் பெரியவர். எண்பது பிராயம், அயனம்பாக்கத்திலேயே பிறந்து, ஏரியில் நெல் பாய்ந்த காலத்தில் ஏர் பிடித்தவர். அம்பத்தூரைக் கடந்து, செங்குன்றம் வழியாகப் பொன்னேரியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடி பெரியது இந்தப் பழவேற்காட்டு ஏரிதான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர் இங்கே இறங்கிக் கோட்டை கட்டினார்கள்; அவர்களுடைய கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. கோட்டை போயிற்று, கும்பினி போயிற்று. மீன்காரர்கள் மட்டும் போகவில்லை.

அதற்குக் காரணம் உண்டு என்று தோன்றுகிறது. பழவேற்காட்டு ஏரிக்குள் வலை கட்டும் இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் எது, மட்டமான இடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். ஆகையால் எந்த நாளில் யார் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். பல தலைமுறைகளாக நடந்துவரும் ஏற்பாடு இது. முறை இல்லாத நாளில் வலை இறக்கக் கூடாது. சட்டசபை கூடிச் செய்த சட்டமல்ல, ஆனாலும் சட்டந்தான். நமது மருமான் சொன்ன அங்குலக் கணக்கைக் கேட்டு நாம் வியந்தது வீண். விட்டுக் கொடுப்பதற்கு ஒரு கணக்கு நம்மிடமும் இருந்திருக்கிறது.

ஏரியின் மேல் போட்டிருக்கும் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக்குச் சென்று, மணலில் நெடுந்தூரம் நடந்து முகத்துவாரத்தை அடைந்தோம். படகேறலாம் என்ற ஆசை இல்லாமலில்லை. ஆனால் 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அந்த நீரில் உல்லாசப் படகு கவிழ்ந்து குடும்பம் குடும்பமாக மாண்டதை நினைத்தால் யாருக்கும் கால் எழாது. படகு மீன்காரருக்கு, கரை நமக்கு என்று தீர்மானித்துக்கொண்டோம்.

அன்று பௌர்ணமிக்கு முந்தின தினம். மழை சற்று ஓய்ந்திருந்தது. ஆரணி ஆற்றிலிருந்து வந்த செந்நீர் ஏரியை நிறைத்து முகத்துவாரத்தின் வழியாகக் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கடல் அதை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. செந்நீரும் கருநீரும் கலக்கும் கோட்டில் நுரை சுழன்றது. தூரத்தில் பூநாரைகள் சேற்றில் நின்றன. குப்பத்து மீன்காரர் ஒருவர் வீச்சுவலை வீசி, உயிருள்ள மடவைக் குஞ்சுகள் சிலவற்றை நமக்கு இரைக்காகக் கொடுத்தார். கொடுவா செத்ததைத் தின்னாது. துடிக்கிற இரைதான் வேண்டும். முதுகுத் தோலில் முள்ளைச் செருகி, அந்தக் கோட்டை நோக்கி வீசினோம்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தூண்டில் பிரியர்களுக்கு இந்த இரண்டு மணி நேரத்தை விவரிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு விவரித்துப் பயனில்லை. பெரியவர் மணலில் குந்தி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். திடீரென்று கையிலிருந்த கழி வளைந்தது. ரீல் கிறீச்சென்று அலறியது. நரம்பு கடலை நோக்கி ஓடிற்று. இருபது முப்பது கஜத்துக்கு அப்பால் தண்ணீர் வெடித்தது. வாயைப் பிளந்துகொண்டு, தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டு, பழுக்கக் காய்ச்சின வெள்ளிக் கட்டியைப் போல ஒரு கொடுவா எழும்பி விழுந்தது.

கால் மணி நேரம் போராட்டம். அது இழுக்க நாம் விட, நாம் இழுக்க அது விட, கடைசியில் ஓர் அலை அதைக் கொண்டு வந்து மணலில் கிடத்திற்று. மீன்காரர் ஓடி வந்து செவுளில் கை கொடுத்துத் தூக்கினார். அவருடைய தராசில் ஒன்பது கிலோ காட்டியது.

அவர் அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "தாய் மீன் ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். "என்ன தம்பி செய்யப் போகிறாய்?" என்று கேட்டார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு நாம் உடனே பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிராது. முள் ஆழமாக விழுங்கப்பட்டிருந்தால் 'இனிப் பிழைக்காது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படியும் இல்லை, உதட்டோரத்தில்தான் மாட்டியிருந்தது. மீன் செவுளை விரித்து விரித்து மூடிற்று. அதன் கண் சிவந்து பளபளத்தது. நமது மருமானுடைய நாற்பது அங்குலம் நினைவுக்கு வந்தது. அவனுக்குச் சட்டம் இருந்தது, நமக்கு இல்லை. கேட்பவர் இல்லை, அபராதம் இல்லை. வாழ்நாளில் இத்தனை பெரிய மீனை நாம் பிடித்ததில்லை. இனிப் பிடிப்போமா என்பதும் நிச்சயமில்லை. அயனம்பாக்கத்துத் தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்சி மனக்கண்ணில் எழுந்தது.

"வீட்டுக்குத்தான் ஐயா" என்றோம். பெரியவர் மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும் வழியில் பொன்னேரி தாண்டும் வரையில் அவர் பேசவில்லை.

தெருவில் நாம் எதிர்பார்த்த மரியாதை எல்லாம் கிடைத்தது. குழந்தைகள் கூடினார்கள். புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. பிறகு அரிவாள்மணை வந்தது. நமது இல்லத்தரசி வயிற்றைக் கீறினாள். உள்ளே இரண்டு நீண்ட பைகள், மஞ்சளாக, வயிறு நிறைய. ஒரு விரலால் தொட்டால் மணல் போல நெறுநெறுவென்று இருந்தது. அந்த மணல் ஒவ்வொன்றும் ஒரு முட்டை. இப்படிப்பட்ட தாய் ஒரு பருவத்தில் பல இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கும் என்று புத்தகத்தில் படித்தது வேறு. அடுக்களைத் தரையில் பார்ப்பது வேறு.

"சினையை என்ன செய்ய?" என்றாள் அவள். நாம் பதில் சொல்லவில்லை. வறுத்துத்தான் வைத்தாள். நாம் தொடவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தொடாததனால் ஒரு முட்டையும் பொரிந்துவிடவில்லை.

பெரியவர் வீட்டுக்குப் பெரிய துண்டாக ஒன்று எடுத்துப் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வேண்டாம் தம்பி, எனக்கு இன்றைக்கு விரதம்" என்றார். அன்று பிரதோஷம் இல்லை, கார்த்திகை இல்லை, ஏகாதசியும் இல்லை. நாம் பஞ்சாங்கத்தைக் காட்டி வாதாடவில்லை.

அவரே சற்று நேரம் கழித்துப் பேசினார். அவருடைய சிறு பிராயத்தில், ஐப்பசி கார்த்திகையில் எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது, அந்த மிகுநீர் கால்வாய் வழியாகக் கூவத்து ஆற்றுக்குப் போகும். ஆற்றிலிருக்கும் மீன் அந்த நீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு எதிரேறி வரும். கெண்டை வரும், கெளுத்தி வரும். கடலில் பிறந்து நன்னீர் தேடி வரும் விலாங்கும் வரும். கலங்கல் கல்லின் மேல் மீன் துள்ளித் துள்ளி ஏறுவதைப் பார்க்க ஊரே கூடி நிற்கும். பறியும் கூடையும் கொண்டு வந்தவர்களை அவருடைய தகப்பனார் தடுத்து நிறுத்துவாராம். "ஏறுகிற மீன் ஊருக்கு, இறங்குகிற மீன் நமக்கு" என்பாராம். ஏறுகிறது ஏரியில் முட்டையிடட்டும். தை மாசியில் தண்ணீர் வடியும்போது வேண்டியதைப் பிடித்துக்கொள்ளலாம்.

"அங்கே அங்குலம் வைத்து அளக்கிறார்கள் என்றாயே, இதையெல்லாம் அளக்க வேண்டுமா தம்பி?" என்றார்.

அன்றிரவு நமது மருமானுக்கு உண்மையை எழுதினோம். அவன் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தச் சட்டம் வந்த வரலாற்றைத்தான் எழுதினான். அமெரிக்கர்கள் பிறவியிலேயே புத்திசாலிகள் அல்ல. 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் வரிக் கொடுவாயைக் கண்மூடித்தனமாகப் பிடித்தும், அது முட்டையிடும் நீரைக் கெடுத்தும், ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். அதன் பிறகு 1984-இல் அவர்களுடைய காங்கிரஸ் சபை அந்த ஒரு மீனுக்காகவே ஒரு சட்டம் செய்தது. மேரிலாந்து மாகாணம் 1985 முதல் 1990 வரையில் அதைப் பிடிப்பதையே நிறுத்திவைத்தது. தலைமுறை தலைமுறையாக அதை நம்பிப் பிழைத்தவர்கள் வலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 1995-இல் மீன் மீண்டுவிட்டது என்று அறிவிக்க முடிந்தது. பிறகு மறுபடியும் பேராசை; 2019-இல் மறுபடியும் குறைந்துபோயிற்று என்று கணக்கிட்டார்கள். அதனால் வந்ததுதான் இந்த 31 அங்குலம். ஆக, விடுவது என்பது ஒரு முறை கற்றுக்கொண்டு மூட்டை கட்டி வைக்கும் பாடம் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் விட்டுக் கொடுப்பது அடியோடு இல்லாமலில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. அந்த இரண்டு மாதமும் மீன்பிடிக் குடும்பங்கள் வருமானத்தைத் துறந்து காத்திருக்கின்றன. தூண்டில் பிடித்து விளையாடும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் ஒரு துறவும் இல்லை.

ஆனால் பெரியவர் சொன்னதை நினைக்க நினைக்க இன்னொரு விஷயம் நமது மனத்தை உறுத்திற்று. அன்று அந்தக் கொடுவாயை விட்டிருந்தால் அது முகத்துவாரத்தில் முட்டையிட்டிருக்கும். குஞ்சுகள் பழவேற்காட்டு ஏரிக்குள் புகுந்து பிழைத்திருக்கும். சரி. நமது கூவத்து முகத்துவாரத்திலும் ஒரு காலத்தில் இதே நாடகம் நடந்திருக்க வேண்டுமல்லவா? அந்தக் குஞ்சுகள் எங்கே ஏறும்?

கூவம் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வாசகர்களே, சற்றுக் கையை எடுங்கள். திருவள்ளூர் ஜில்லாவில் கூவம் என்னும் சிவஸ்தலத்தின் பெயரைத் தாங்கிப் புறப்பட்டு, சுமார் எழுபது கிலோமீட்டர் ஓடி, திருவேற்காட்டுக் கருமாரியம்மன் ஊரைத் தொட்டு, நொளம்பூர், மதுரவாயல், அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை என்று நகரத்தின் நடுவே வளைந்து, 1869-இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலத்தின் கீழ் கடலைச் சேரும் ஆறு அது. நகரத்தின் தாகத்துக்காக அதன் நீரில் ஒரு பங்கு ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலேயே செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. துறைமுகத்துச் சுவர்கள் மணலை ஒதுக்குவதால் கடைவாயில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. மேலே நீர் குறைந்தது; கீழே வாய் அடைத்தது; நடுவிலே நாம் சாக்கடையைத் திறந்துவிட்டோம்.

1949-ஆம் வருஷத்தில் அந்த ஆற்றில் 49 வகை மீன்கள் இருந்தன என்று ஒரு கணக்கு உண்டு. 1970-களின் முடிவில் அது 21 ஆகக் குறைந்ததாம். இப்போது நகரத்துப் பகுதியில் மீன் இருக்கிறதா என்று கேட்பதே பரிகாசமாகிவிட்டது. இந்தக் கணக்கை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஆனால் பழவேற்காட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் அந்த முதல் ஆண்டு நம் கண்ணில் பட்டது. 1949! அந்நியன் கப்பலேறிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அவன் எத்தனையோ செல்வங்களைக் கொண்டு போனான் என்று பேசுகிறோம், எழுதுகிறோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இந்த 49 வகை மீன்களை அவன் கொண்டு போகவில்லை. நம் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போனான். தொலைத்தவர்கள் நாம். சுயராஜ்யம் என்றால் நல்லதற்கு மட்டுமல்ல, கெட்டதற்கும் நாமே பொறுப்பு என்று அர்த்தம். இந்த அர்த்தத்தைக் கூவம் நமக்கு எழுபத்தைந்து வருஷங்களுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் காதிலும் விழவில்லை.

விஞ்ஞானிகள் சும்மா இருந்துவிடவில்லை. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1997-இல், நம் நாட்டிலேயே முதன்முறையாகக் கொடுவாயைத் தொட்டியில் வளர்த்து முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்துக் காட்டினார்கள். இன்று குஞ்சு வேண்டுமென்றால் பண்ணைக்காரர் விலைக்கு வாங்கலாம். மகத்தான சாதனைதான். ஆனால் தொட்டியில் குஞ்சு பொரிக்க விஞ்ஞானி போதும். குஞ்சு ஏறிவர ஆறு வேண்டும். மீனை விடுவது தூண்டில்காரனுடைய தர்மம். மீனுக்கு வழி விடுவது ஊருடைய தர்மம். முன்னதை ஒரு மனிதன் ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம். பின்னதற்கு ஒரு தலைமுறை வேண்டும். ஒரு நிமிஷத்து தர்மத்திலேயே தவறிவிட்ட நாம், ஒரு தலைமுறையின் தர்மத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் தவறியவன் சொல்வதற்கும் ஒரு பயன் உண்டு. அவனுக்கு வழுக்கிய இடம் தெரியும்.

இந்த வருஷத்து ஐப்பசியிலும் பழவேற்காட்டுக்குப் போனோம். பெரியவரும் வந்தார். அதே முகத்துவாரம், அதே மடவைக் குஞ்சு. ஆனால் பையில் ஓர் அளவுக்கோல் மட்டும் புதிது. அதைப் பார்த்து மீன்காரர் சிரித்தார், நாமும் சிரித்தோம். சாயங்காலத்துக்குள் இரண்டு கொடுவா அகப்பட்டன. ஒன்று உள்ளங்கையளவு, உடனே விட்டோம். மற்றொன்று முழங்கை நீளம், இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பெரிய மீன் எதுவும் மாட்டவில்லை. ஆகையால் நாம் திருந்திவிட்டோம் என்று சத்தியம் செய்ய இயலவில்லை. அந்தச் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.

குழம்பு கொதித்ததும் ஒரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

"இன்றைக்கு விரதம் இல்லையே ஐயா?" என்று கேட்டோம்.

அவர் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "விரதமெல்லாம் போன வருஷத்தோடு சரி தம்பி" என்று சொல்லி, மருமகளைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்கு வந்தார். ஏரிப் பக்கமாகக் குளிர்ந்த காற்று அடித்தது. இரண்டு நாள் மழையில் ஏரி கலங்கல் மட்டத்துக்கு ஒரு சாண் குறைவாக வந்திருந்தது.

"நாளைக்கோ மறுநாளோ வழியும். ஏதாவது ஏறி வந்தால் வந்து சொல். எந்நேரமானாலும் எழுந்து வருகிறேன்" என்றார்.

ஏறி வருவதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சொன்னார். மூன்றாம் நாள் கலங்கல் வழிந்தது. அன்று முதல் நாம் தினந்தோறும் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அந்தக் கல்லருகே போய் நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.